பேகம்பேட்டையில் என் மகள் பறந்தாள்

புதன்கிழமை

தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் வரை பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அங்கிருந்து ஹைதராபாத்துக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். இரண்டில் எனக்குப் பிடித்தது பஸ்தான். தரையை விட்டு எழும்பாத எந்த வண்டியிடமும் எனக்கு மரியாதை உண்டு. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிடுகிற ரகம் நான். இப்படிப்பட்டவள் கடல் தாண்டி விமானத் திருவிழாவுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் பக்கத்து வீட்டுச் செல்லம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். என் மகள் அங்கே பறக்கிறாள், அதனால் போகிறேன்.

மகள் பெயர் மதிவதனி. எங்களுக்கு மதி. பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒழுங்காக ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகிற விமானம் ஓட்டுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய, மூக்கில் ஒரே ஒரு விசிறி சுற்றுகிற குட்டி விமானம். அந்த மாதிரி நான்கு விமானங்கள், நான்கு பேர். நாடு நாடாகப் போய் வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டுவதுதான் அவர்களுக்கு உத்தியோகம். ஆறு வருடமாக இதைச் செய்கிறாள். ஆறு வருடமாக நானும் "விட்டுடு, விட்டுடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவள் பறந்து நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. லங்காவித் தீவில் நடக்கும் விமானத் திருவிழாவுக்கு இரண்டு தடவை கூட்டிப்போனாள். முதல் தடவை, சரியாக அவள் முறை வரும்போது கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டாவது தடவை கூட்டத்துக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம் மட்டும் காரணம் என்றால் சமாளித்திருப்பேன். பெற்றவள் பூரித்துப்போய்ப் பார்த்தால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. மதி நான்காம் வகுப்பில் ஓட்டப் பந்தயம் ஓடினாள். நான் அதே பள்ளியில் ஆசிரியை. மற்ற பிள்ளைகளைப் பின்னால் தள்ளிவிட்டு அவள் பறந்து வந்த அழகைப் பார்த்து, "என் பிள்ளையைப் பார்" என்று மனதுக்குள் ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் குப்புற விழுந்தாள். இடது கையில் எலும்பு முறிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் எதில் ஜெயிக்கப் போனாலும் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியை. கரும்பலகையில் கண்ணைப் பெரிதாக வரைந்து, ஒளி கண்ணுக்குள் வரும், கண்ணிலிருந்து எதுவும் வெளியே போகாது என்று ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொடுத்தேன். அதெல்லாம் மற்றவர் பெற்ற பிள்ளைகளுக்கு.

போன மாதம் மதி போனில் கூப்பிட்டாள். ஒரு விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேரப் போகிறாளாம், பயணிகள் விமானம். எனக்கு அப்போதே பாதி உயிர் திரும்பி வந்தது. "உங்களுக்கு நிம்மதிதானேமா? ஹைதராபாத்துதான் எனக்குக் கடைசி. ஒரே ஒரு தடவ பாருங்க லா. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. இப்போது விட்டால் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

மதியம் இரண்டு மணிக்கு ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் இறங்கினேன். நான் தங்கப்போகும் லோத்குண்டா அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் மேலே, ஊரின் மறுகோடி. டாக்ஸிக்கு ஆயிரத்து நானூறு ரூபாய். வழியெல்லாம் பாறை. பிள்ளைகள் விளையாடிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், அவற்றுக்கு இடையே கண்ணாடிக் கட்டடங்கள். டிரைவர் தாடி வைத்த பெரியவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தியும் தெலுங்கும் தெரியாது. ஆனாலும் அவர் பேச்சில் "வக்த்" என்றார், "குர்ஸி" என்றார். மலாயிலும் நேரத்துக்கு வக்து, நாற்காலிக்குக் கெருசி. தெரிந்த முகங்களைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. இறங்கும்போது "சலாமத் ரஹோ அம்மா" என்றார். எங்கள் ஊரில் தினமும் நூறு தடவை காதில் விழுகிற வாழ்த்துச் சொல் அது. "சலாமத்" என்று நானும் பதில் சொன்னேன். மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

லோத்குண்டாவில் இருப்பது சகுந்தலா, என் நாத்தனார் முறை. என் கணவரின் தாத்தாவும் அவளுடைய தாத்தாவும் கூடப் பிறந்தவர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார், இன்னொருவர் செகந்திராபாத் ரயில்வே பட்டறைக்கு வந்தார். என் கணவர் காலமான பிறகும் சகுந்தலா எனக்கு வாரம் ஒருமுறை போன் செய்வதை நிறுத்தவில்லை. அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவுக்குத் தலை சுற்றும். வேலூர்த் தமிழ், நடுவே உருது, ஓரத்தில் தெலுங்கு. ஆமாம் என்பதற்கு "ஹவ்", வேண்டாம் என்பதற்கு "நக்கோ", எதற்கு என்பதற்குக் "கைக்கு".

வாசலிலேயே என் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "ஹவ் அண்ணி, இளைச்சிட்டீங்க. மெல்ல வாங்க, அவரு தூங்கறாரு. ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனில இந்த வாரம் நைட் ஷிப்ட்."

"மதிய பார்க்க நாளைக்கே போகலாமா சகு?"

"போலாம், போலாம். மொதல்ல சாப்பிடுங்க. கைக்கு அவசரம்?"

வியாழக்கிழமை

லோத்குண்டாவிலிருந்து பேகம்பேட்டைப் பழைய விமான நிலையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது ரூபாய் கேட்டான். சகுந்தலா சண்டை போட்டு இருநூறுக்குக் கொண்டுவந்தாள். வழியில் ராணுவத்துக்குச் சொந்தமான நிலங்கள், நீண்ட மதில்கள், மரம் அடர்ந்த சாலை. பயணிகள் விமானமெல்லாம் ஷம்ஷாபாத்துக்குப் போய்விட்ட பிறகும் இங்குள்ளவர்கள் பேகம்பேட்டையைத்தான் ஏர்போர்ட் என்கிறார்கள். ஊருக்கு நடுவில் இருக்கிறது. மதிலுக்கு வெளியே காய்கறி வண்டி, மதிலுக்கு உள்ளே ஓடுதளம்.

மதி வாயிலுக்கு வந்து எங்களை உள்ளே கூட்டிப்போனாள். பெரிய பெரிய விமானங்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நாளைக்குத்தான் திறப்பு. ஒரு கொட்டகைக்குள் அவர்களுடைய நான்கு மஞ்சள் விமானங்கள். ஒன்றுக்கு இறக்கையே இல்லை. இறக்கை தனியாகச் சுவரோரம் சாய்ந்திருந்தது.

"என்னடி இது?"

"கப்பல்ல கண்டெய்னர்ல வந்துச்சுமா. எறக்கைய கழட்டித்தான் கொண்டு வரணும். இங்க வந்து மாட்டுவாங்க."

"கழட்டி மாட்டின எறக்கையிலயா நீ தலைகீழா பறக்கப்போற?"

"ஒவ்வொரு நாட்டுலயும் அப்படித்தான்மா" என்று சாதாரணமாகச் சொன்னாள். சகுந்தலா இதை எதிர்பார்த்தவள்போலக் கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். மதி பதறிப்போய் அதை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டாள். விமானத்துக்குள் கழன்று உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாதாம், ஒரு பேனாகூட. தலைகீழாகும்போது போய் எதிலாவது சிக்கிக்கொள்ளுமாம். "நக்கோன்னா விடு, சக்கரத்துக்குக் கீழயாவது வெய்யி" என்றாள் சகுந்தலா. அதற்கும் அனுமதி இல்லை.

கிளம்பும்போது மதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பிளேன் மூணாவது. எறக்கைக்கு அடியில செவப்புப் பட்டை, அது எனக்கு மட்டும்தான். நாளைக்குப் பதினோரு மணிக்கு. வருவீங்கதானே?"

வருவேன் என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தயத்தன்று என் பக்கம் திரும்பிச் சிரித்த முகம் இது.

வெள்ளிக்கிழமை

போகவில்லை. புடவை கட்டினேன், தலை வாரினேன், ஆட்டோவும் வந்துவிட்டது. படியிறங்கக் கால் வரவில்லை. சகுந்தலா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவை அனுப்பிவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்தாள்.

"லைட் லேலோ அண்ணி, மனசுல போட்டுக்காதீங்க. நம்ம மொட்டமாடிக்கு வாங்க. வானம் ஒண்ணுதானே? இங்கருந்தே தெரியும். எட்டத்துலருந்து பாத்தா பயம் கம்மியா இருக்கும்."

நல்ல யோசனையாகப் பட்டது. பக்கத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்கு இருக்கிற வேகம் இத்தனை தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இருக்காது என்று ஒரு கணக்குப் போட்டேன். நீங்கள் சிரிக்கலாம்.

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே ஊர்மேல் புகை மாதிரி ஒரு மூட்டம். பதினோரு மணிக்குச் சற்று முன்னால் கீழே பால்காரர் குரல் கேட்டுச் சகுந்தலா இறங்கிப் போனாள். அப்போதுதான் சத்தம் வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு மேலே ஒற்றை விமானம். மதி சொன்ன நேரம், வேறு யாராக இருக்கும்? ஏறியது, சாய்ந்தது, வட்டம் போட்டுத் திரும்பியது.

கண்ணை மூடப் போனேன். "அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்" என்று அவள் சொன்னது காதில் கேட்டது. மாடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்தேன். இமை தட்டவில்லை. கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவில்லை. "பத்திரம்டி, பத்திரம்டி" என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியபோது என் உயிரும் கூடவே இறங்கியது. திரும்ப மேலே வந்தது. நாலைந்து வட்டம். பிறகு மரங்களுக்குப் பின்னால் நிதானமாக இறங்கி மறைந்தது. விழவில்லை. நான் பார்த்தும் விழவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்து மதிக்குப் போன் போட்டேன். "பார்த்துட்டேன்டி. முழுசா பார்த்தேன். சாஞ்சு சாஞ்சு திரும்பினியே, எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா? பெத்த வயிறு குளுந்துபோச்சு."

அந்தப் பக்கம் காகிதம் சரசரத்தது.

"மா, நீங்க எங்கருந்து பார்த்தீங்க?"

"சகு வீட்டு மாடியிலருந்து."

"மா, பனிமூட்டம். கரணம் போட வானம் தெளிவா இருக்கணும்னு இன்னைக்கு எங்கள பறக்க விடல. நான் கொட்டகையில உக்காந்து பன்னு தின்னுட்டு இருக்கேன்."

பால் பாத்திரத்தோடு மேலே வந்த சகுந்தலாவிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அண்ணி, அது ஹகிம்பேட்டை. விமானப்படைப் பசங்க பழகற எடம். தெனமும் பறக்கும். பேகம்பேட்டை உங்க முதுகுப் பக்கம்."

லோத்குண்டா இரண்டு விமானத் தளங்களுக்கும் நடுவில் இருக்கிறது. நான் வடக்கே பார்த்து நின்றிருந்தேன், என் மகள் தெற்கே பன் தின்றுகொண்டிருந்தாள். யார் பெற்ற பிள்ளையோ, அதற்காக முந்தானை நனைய அழுதிருக்கிறேன். போனில் மதி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "நான்னு நெனச்சா பார்த்தீங்க? கண்ண மூடவே இல்லையா?"

"மூடல."

"ஞாயித்துக்கிழமைதான் திரும்ப எங்க முறைம்மா" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் சகுந்தலா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "உங்க கண்ணு பட்டும் அந்தப் பையன் நல்லாத்தானே எறங்கினான்?"

"அவன் என் பிள்ளை இல்லையே சகு."

"உங்க பிள்ளைன்னு நெனச்சுத்தானே பாத்தீங்க? கண்ணுக்கு என்ன தெரியும், அது யாரு பெத்ததுன்னு?"

அறிவியல் ஆசிரியை ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை

பொதுமக்களுக்கான நாள். பேகம்பேட்டைச் சாலையில் கூட்டம் நெரிந்தது. அப்பாக்களின் தோள்மேல் பிள்ளைகள், சோளப்பொரி, காகித விமானம், தொப்பி. ஆட்டோக்காரரை இந்தத் தடவை சகுந்தலா பேரம் பேசவே இல்லை, என்னை உள்ளே தள்ளி ஏற்றுவதில் குறியாக இருந்தாள். குடும்பத்தாருக்கு என்று மதி வாங்கிக் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொட்டகை வரை போனோம்.

அங்கே நான் கண்டதை எப்படிச் சொல்வது? நான்கு விமானிகளும் வெறும் சிமெண்டுத் தரையில் ஒருவர் பின் ஒருவராக நடந்துகொண்டிருந்தார்கள். வலது கையை விமானம்போல் முன்னால் நீட்டியிருந்தார்கள். தலைவராக இருக்கிற நரைத்த வெள்ளைக்காரர் மெதுவாக ஏதோ சொல்ல, நான்கு கைகளும் ஒரே நேரத்தில் சாய்ந்தன, நான்கு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பறப்பதற்கு முன்னால் முழு ஆட்டத்தையும் இப்படித் தரையில் நடந்து பார்ப்பார்களாம், ஒவ்வொரு தடவையும். யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பள்ளியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் ரயில் விளையாடுவது போலத்தான் இருந்தது. ஆனால் மதியின் முகத்தில் அப்படியொரு கவனத்தை நான் பார்த்ததே இல்லை. முன்னால் போகிறவரின் தோளை விட்டு அவள் கண் அசையவில்லை. அவளை இந்த வேலையில் பிடித்து வைத்திருந்தது அசட்டுத் துணிச்சல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது துணிச்சலே இல்லை, இந்தக் கவனம்தான்.

நடந்து முடித்ததும் அவள் என்னிடம் வரவில்லை. அந்த நேரத்தில் குடும்பத்தாரிடம் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள்.

நான்கும் எழும்பின. சகுந்தலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது விமானத்தின் இறக்கைக்கு அடியில் சிவப்புப் பட்டை தெளிவாகத் தெரிந்தது. அதை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. நான்கும் ஒட்டிக்கொண்டு போய் ஒன்றாகப் புரண்டன. வாலிலிருந்து வெள்ளைப் புகை நான்கு கோடாக நீண்டது. கூட்டம் கைதட்டியது. எனக்குக் கை எழவில்லை. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என் மகள் எங்கள் எதிரே கடந்துபோனாள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை.

பிறகு நான்கும் செங்குத்தாக மேலே ஏறின. உச்சியில் பூ விரிந்த மாதிரி நான்கு திசையில் பிரிந்தன. மூன்று கோடுதான் இருந்தது. சிவப்புப் பட்டைக்குப் பின்னால் புகை இல்லை.

எஞ்சின் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் பார்த்தேன், நின்றுவிட்டது. இமை தானாகக் கீழே இறங்கியது. இத்தனை வருடம் கண்ணை மூடியதெல்லாம் அவளுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டால் அவள் அங்கே தனியாக இருப்பாள். இமையை வலிந்து திறந்தேன். என்ன நடந்தாலும் பெற்றவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்கட்டும்.

மஞ்சள் விமானம் வளைந்து கீழே வந்தது, மற்ற மூன்றோடும் சேர்ந்தது. இறங்கி, ஓடி, நின்றது.

கண்ணாடி மூடியைத் திறந்துகொண்டு மதி குதித்து ஓடிவந்தாள். தலைமுடியெல்லாம் வியர்வை. என் எதிரே வந்து நின்றாள், எதுவும் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று தெரிந்தது. "நல்லா இருந்துச்சு" என்று லங்காவியில் இரண்டு தடவை நான் புளுகியதைக் கேட்டவள் ஆயிற்றே.

"மேல போய் நாலு பக்கமா பிரிஞ்சீங்களே, அப்ப உனக்கு மட்டும் பொகை வரல" என்றேன்.

"இல்லமா, சுவிட்ச் போட்டேனே."

"வரலடி. மூணு கோடுதான் இருந்துச்சு. எனக்கு உசிரே போயிடுச்சு."

அவள் திரும்பி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்தார். புகைக்கு எண்ணெய் போகிற குழாய் கழன்று தொங்கியது. எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தன் வால் தெரியாது, பிரிந்து போன மற்ற மூவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கே தெரியாதுமா" என்றாள் மதி. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆறு வருடத்து அழுகை அது, எனக்குத் தெரியும்.

சற்றுத் தேறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்க கண்ணுக்கு ஒரு குழாயக் கழட்டற சக்திதான் இருக்கும்மா" என்றாள்.

"ஹவ், அவ்வளவுதான்" என்றாள் சகுந்தலா.

திங்கட்கிழமை

ஷம்ஷாபாத்துக்கு வழியனுப்ப மதி கூடவே வந்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு நாள் வேலை பாக்கி. இறக்கைகளைக் கழற்றி, பெட்டிக்குள் அடுக்கி, கப்பலுக்கு அனுப்ப வேண்டும். காருக்குள் சகுந்தலா கட்டிக்கொடுத்த புளியோதரை மணத்தது. தைப்பிங்கில் மழை பெய்துகொண்டிருக்கும். இங்கே பாறைகளின்மேல் வெயில் காய்ந்தது. போகிற வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். பறந்து போவது எதுவானாலும், தலைக்கு மேலே மறைகிறவரை பார்த்தேன்.

வாசலில் இறங்கிப் பையை எடுத்துக்கொண்டோம். என்னால் அடக்க முடியவில்லை, கேட்டேவிட்டேன்.

"மதி, இன்னும் ஒரு வருஷம் இதையே செய்யக் கூடாதா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஆறு வருஷமா விட்டுடு விட்டுடுன்னு நீங்கதானேமா சொன்னீங்க? உங்களுக்காகத்தானே புது வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன்?"

"சொன்னேன்தான். அப்ப நான் பார்த்ததில்லையே."